கஷாயம் ஒண்ணு, சட்டம் பல: அயவாஸ்காவின் கதை

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ராத்திரி, காலேஜ்ல என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சான், பெருவுக்கு டிக்கெட் போடப் போறேன். அயவாஸ்கா கேம்ப், பத்து நாள். அங்க அது லீகல்தானே? நீதான் இந்த மாதிரி விஷயமெல்லாம் படிப்பியே."

அவன் ரெண்டு வருஷமா மனச்சோர்வோட போராடிக்கிட்டு இருக்கான். ஏதோ ஒரு டாக்குமெண்டரி பார்த்திருக்கான். ஒரே ராத்திரியில வாழ்க்கை மாறிடுச்சுன்னு அதுல யாரோ அழுதுகிட்டே சொல்றாங்க. "லீகல்தான்னு நினைக்கிறேன்டா"ன்னு அரைகுறையா ஒரு பதில் சொல்லிட்டு வச்சுட்டேன். அப்புறம் தூக்கம் வரலை. உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். அதோட விளைவுதான் இந்த எபிசோட். முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடறேன்: இது 'குடிங்க'ன்னோ 'குடிக்காதீங்க'ன்னோ சொல்ற எபிசோட் இல்லை. ஒரே கஷாயம் ஒரு ஊர்ல பாரம்பரியச் சொத்தாகவும், இன்னொரு ஊர்ல ஜெயிலுக்கு அனுப்பற சரக்காகவும் எப்படி ஆச்சுங்கிற கதை.

முதல்ல, அது என்ன? அமேசான் காட்டுல வளர்ற ஒரு கொடி. அதோட தண்டை நசுக்கி, சக்ரூனான்னு சொல்ற ஒரு செடியோட இலையைச் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்க வைக்கிறாங்க. கெச்சுவா மொழியில 'அயா' என்றால் ஆவி, இறந்தவர். 'வாஸ்கா' என்றால் கயிறு, கொடி. ஆவிகளின் கொடி.

இதுல இருக்கற ரசாயனம் ஆச்சரியமானது. மனக்காட்சிகளை உண்டாக்கும் டிஎம்டி என்ற பொருள் இலையில்தான் இருக்கு, கொடியில் இல்லை. ஆனா இலையை மட்டும் காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் இருக்கற ஒரு நொதி டிஎம்டியைச் சிதைச்சுடும். மோனோஅமைன் ஆக்சிடேஸ்னு அதுக்குப் பேர். கொடியில இருக்கற ஹார்மின், ஹார்மலின் போன்ற பொருட்கள் அந்த நொதியைத் தடுத்து நிறுத்தும். அப்புறம்தான் டிஎம்டி மூளைக்குப் போகும். ஆயிரக்கணக்கான செடிகொடிகள் இருக்கற காட்டுல இந்த ஜோடியை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா, செடிகளே சொல்லிக் கொடுத்ததுன்னுதான் அங்கே இருக்கற வைத்தியர்கள் சொல்றாங்க. அந்த நொதியை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

பெருவில் உக்காயாலி ஆற்றுப் பக்கம் ஷிபிபோ மக்கள் இருக்காங்க. அவங்க வைத்தியத்துல இது ஒரு பகுதி. இதுக்கு 'தியேட்டா'ன்னு ஒரு கட்டுப்பாடு உண்டு: உப்பு கூடாது, மிளகாய் கூடாது, பன்றிக்கறி கூடாது, உடலுறவு கூடாது. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்கே, பத்தியம். குடிச்சதும் வரும் வாந்தியை அங்கே பக்கவிளைவாகப் பார்க்கறதில்லை, 'சுத்திகரிப்பு'ன்னு சொல்றாங்க. சின்ன வயசுல லீவு நாள்ல விளக்கெண்ணெய் குடுத்து உட்கார வச்ச பாட்டி இருந்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இன்னொரு விஷயம் டாக்குமெண்டரிகள்ல அவ்வளவா வராது. பழைய முறையில் பல இடங்களில் வைத்தியர்தான் குடிப்பார். குடிச்சுட்டு, பாட்டுப் பாடி, நோயாளிக்கு என்ன பிரச்சினைன்னு பார்ப்பார். நோயாளி குடிக்கணும்னு கட்டாயமே இல்லை. வரிசையா மெத்தை போட்டு, ஆளுக்கொரு பக்கெட் வச்சு, வெளிநாட்டுக்காரங்க இருபது பேர் குடிக்கறது பெரும்பாலும் டூரிசம் வந்த பிறகு உருவான காட்சி.

இப்போ சட்டத்துக்கு வருவோம். உலக அளவில் அடிப்படை ஆவணம் 1971-ஆம் ஆண்டின் ஐநா ஒப்பந்தம். டிஎம்டி அதில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கு. ஆனால் பட்டியலில் இருப்பது ரசாயனம்தான், செடி இல்லை. அயவாஸ்கா கஷாயம் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வராதுன்னு சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமே சொல்லியிருக்கு. அதோட, தங்கள் மண்ணில் இயற்கையாக வளரும் செடிகளைச் சிறு குழுக்கள் சடங்குகளில் பயன்படுத்தி வந்தால், அதுக்கு விலக்கு கேட்டுப் பதிவு செய்யலாம்னு ஒப்பந்தத்தின் 32-வது பிரிவு சொல்லுது. பெரு அப்படிக் கேட்டுது. மற்றபடி, 'நீங்களே முடிவு பண்ணிக்கோங்க'ன்னு ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டாச்சு. குழப்பம் ஆரம்பிக்கறது இங்கேதான்.

பெரு 2008-ல் அயவாஸ்காவின் பாரம்பரிய அறிவையும் பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிச்சுது. அந்த அறிவிப்பிலேயே, வியாபார நோக்கத்தில் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து நடத்தப்படும் மேற்கத்தியப் பயன்பாடு வேற, இது வேறன்னு பிரிச்சும் சொல்லியிருக்காங்க. ஆனா இக்கிடோஸ் நகரத்துக்கு வர்ற விமானங்களை அந்த வரி நிறுத்தலை. என் நண்பன் பார்த்த கேம்ப்பும் அந்தப் பக்கம்தான்.

பிரேசிலின் வழி வேற மாதிரி. அங்கே இது மதமாவே ஆயிடுச்சு. 1930 வாக்கில் அக்ரே மாநிலத்தில் ரப்பர் பால் எடுக்கும் வேலைக்கு வந்த ராய்முண்டோ இரினேயு செர்ரா என்ற கறுப்பினத்தவர் சாந்தோ டாய்மே என்ற சபையைத் தொடங்கினார். 1961-ல் இன்னொரு ரப்பர் தொழிலாளி, ஜோசே கப்ரியேல் ட கோஸ்டா, உனியாவோ டோ வெஜெட்டால் சபையைத் தொடங்கினார். கிறிஸ்தவமும் காடும் கலந்த வழிபாடு. 1985-ல் அரசு அந்தக் கொடியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சபையினர் முறையிட்டாங்க. அரசு ஒரு குழு அமைச்சு, அந்தச் சபைகளுக்கே அனுப்பி, மக்கள் எப்படி வாழறாங்கன்னு பார்க்கச் சொன்னது. 1987-ல் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது, தடை போச்சு. 2010-ல் தெளிவான விதிகளும் வந்தன: வழிபாட்டுக்கு அனுமதி உண்டு. விற்கக் கூடாது, விளம்பரம் பண்ணக் கூடாது, வேற போதைப்பொருளோட கலக்கக் கூடாது. நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சட்டம் போடறது எவ்வளவு அபூர்வம்னு நினைச்சுப் பார்த்தா, எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடிச்ச இடம் இதுதான்.

அந்த சபையோட கிளை அமெரிக்காவுக்குப் போச்சு. 1999-ல் நியூ மெக்சிகோவில் அதிகாரிகள் உள்ளே புகுந்து சுமார் 30 கேலன் கஷாயத்தைப் பறிமுதல் பண்ணினாங்க. அமெரிக்காவில் அப்போ சபைக்கு இருந்தது ஏறக்குறைய 130 பேர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாகணும். அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் பலருக்குப் பேயோட்டி என்ற சின்னக் கள்ளி புனிதமானது. மெஸ்கலின் என்ற பொருள் உள்ள கள்ளி. ஓரிகனில் ஆல் ஸ்மித் என்ற கிளாமத் இனத்தவர், போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருந்தார். வழிபாட்டில் பேயோட்டி சாப்பிட்டதுக்காக வேலை போச்சு. வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: எல்லாருக்கும் பொதுவான சட்டம்னா, மதக் காரணம் சொல்லி விலக்குக் கேட்க முடியாது. நாடே கொந்தளிச்சுது. கள்ளிக்காக இல்லை, நாளைக்கு நம்ம மதத்துக்கும் இதே கதிதானேன்னு. 1993-ல் நாடாளுமன்றம் மத சுதந்திர மீட்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1994-ல் பூர்வகுடி மக்களின் பேயோட்டி வழிபாட்டுக்குத் தனிப் பாதுகாப்பும் வந்தது.

அந்த 1993 சட்டம்தான் 2006-ல் அயவாஸ்கா சபையைக் காப்பாத்துச்சு. விதிவிலக்கே கொடுக்க முடியாதுன்னு அரசு வாதிட்டது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பு அதை ஏற்கலை. லட்சக்கணக்கான பூர்வகுடி மக்களுக்கு 35 வருஷமா பேயோட்டிக்கு விலக்குக் கொடுக்க முடிஞ்சா, இந்த 130 பேருக்கு ஏன் முடியாது? அதுதான் வாதத்தின் சாரம்.

ஐரோப்பாவில் நேர் எதிர்த் திசை. பிரான்ஸில் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாந்தோ டாய்மே உறுப்பினர்களை விடுதலை செய்தது. சில மாசத்துக்குள்ள அரசு அந்தச் செடிகளையே தடைப் பட்டியலில் சேர்த்துடுச்சு. நெதர்லாந்தில் 2001-ல் கிடைச்ச அனுமதி 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் பறிபோச்சு. 2022-ல் இத்தாலியும் தடை பண்ணிடுச்சு.

சரி, அப்போ அனுமதிதான் நல்லது, தடைதான் கெட்டது, அப்படித்தானேன்னு கேட்டா, நானும் பாதி ராத்திரி வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் பேயோட்டியைப் பத்தி மேலே படிச்சேன். 2019-க்குப் பிறகு அமெரிக்க நகரங்கள்ல 'இயற்கைச் செடிகள் எல்லாத்தையும் குற்றப் பட்டியலில் இருந்து எடுங்க'ன்னு ஓர் இயக்கம் பரவுச்சு. அதை எதிர்த்தவங்கள்ல முக்கியமானவங்க யார் தெரியுமா? பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையினர். காரணம் எளிமையானது. அமெரிக்காவுக்குள்ள பேயோட்டி டெக்சாஸின் தெற்கு ஓரத்துலதான் காடா வளருது. ஒரு கள்ளி முதிர்ச்சியடைய பத்து வருஷத்துக்கு மேல ஆகலாம். ஏற்கெனவே அழிவை நோக்கிப் போய்க்கிட்டிருக்கு. எல்லாரும் சாப்பிடலாம்னா, அவங்க வழிபாட்டுக்கு என்ன மிஞ்சும்? 2022-ல் கொலராடோ மக்கள் இயற்கை சைகடெலிக்குகளை அனுமதிச்சு வாக்களிச்சப்போ, பேயோட்டியை வெளியே விட்டுட்டாங்க. நமக்கு 'விடுதலை'யா தெரியறது இன்னொருத்தருக்குக் கொள்ளையாத் தெரியலாம்னு இதுக்கு முன்னாடி நான் யோசிச்சதே இல்லை.

கொள்ளைன்னு சொன்னதும் ஒரு விஷயம். 1986-ல் ஓர் அமெரிக்கர் இந்த அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு 'டா வைன்' என்ற பேரில் காப்புரிமையே வாங்கிட்டார். அமேசான் பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்துப் போராடி 1999-ல் அதை ரத்து பண்ண வச்சாங்க. 2001-ல் அது அவருக்கே திரும்பப் போச்சு. 2003-ல் காலாவதி ஆனதும்தான் ஓய்ஞ்சுது. நம்ம மஞ்சள் காப்புரிமைக் கதை ஞாபகம் வருதா? 1997-ல் மஞ்சளில் நாம ஜெயிச்சோம். அவங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இந்தியா? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் டிஎம்டி, மெஸ்கலின், சைலோசைபின் எல்லாம் இருக்கு. மருத்துவ, அறிவியல் காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. சடங்குக்கு இல்லை. ஆனா பாங்கு தப்பிச்சுடுச்சு. எப்படின்னா, சட்டம் கஞ்சாவைப் 'பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி'ன்னு வரையறுக்குது, தனியா இருக்கற இலையை விட்டுடுது. அதனாலதான் ஜெய்சல்மேர்ல அரசு அனுமதியோட பாங்குக் கடை இருக்கு, அசாமில் 1958-லேயே பாங்குக்கும் சேர்த்துத் தடை வந்துச்சு. ஒரே நாட்டுக்குள்ளயே இவ்வளவு வித்தியாசம். கொடைக்கானல் காளான் பத்திக் கேக்கப் போறவங்களுக்கு: 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானோட மொத்த எடையையும் போதைப்பொருள் எடையா கணக்குப் போட முடியாதுன்னு சொல்லுச்சு. அது எடை பத்தின பேச்சு. காளான் பறிக்கக் கிடைச்ச லைசென்ஸ் இல்லை.

அதேபோல, பெருவில் லீகல்ங்கிறதால ஒரு பாட்டிலை சூட்கேஸ்ல வச்சு சென்னை ஏர்போர்ட்ல இறங்கலாம்னு யாரும் கனவு காணாதீங்க.

காலையில நண்பனுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டான். "அப்போ பெருல ஓகேதானே?" "ஓகேதான்"னு சொல்லும்போதுதான் அந்த நொதி ஞாபகம் வந்துச்சு. "டேய், நீ இன்னும் மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருக்க?"

போட்டுக்கிட்டுத்தான் இருந்தான். எஸ்எஸ்ஆர்ஐ வகை. மூளையில செரடோனின் அளவைக் கூட்டற மாத்திரை அது. செரடோனினைச் சிதைக்கறதும் அந்தக் கொடி தடுக்கற அதே நொதிதான். ரெண்டும் உடம்புல சேர்ந்தா செரடோனின் எகிறிப்போய், காய்ச்சல், நடுக்கம், வலிப்பு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. "கேம்ப்ல கேட்டாங்களா?" "ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்துச்சு. இல்லைன்னு போட்டுட்டேன். இருக்குன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு யாரோ எழுதியிருந்தாங்க."

அவசரத்துல மாத்திரையை நானே நிறுத்திடறேன்னு சொன்னான். அது இன்னும் மோசம், நீயா நிறுத்தாதேன்னு கத்தினேன். அந்த வாரமே ரெண்டு பேரும் அவனோட டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் திட்டலை. அரை மணி நேரம் பேசினார். தூக்கம் எப்படி, வேலை எப்படின்னு கேட்டார். கடைசியில மருந்து அளவை மாத்தி எழுதினார். வெளியே வந்ததும், இந்த மாதிரி யாரும் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டதில்லடான்னு சொன்னான்.

டிக்கெட் இன்னும் போடலை. அடுத்த வருஷம் போனாலும் போவான். அந்த ஃபார்ம்ல உண்மையை எழுதறேன்னு சொல்லியிருக்கான்.

இன்னைக்கு இவ்வளவுதான். கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.