கொல்லைப்புறத்துக் காவல்காரி

குளவி என்றாலே நமக்கெல்லாம் பயம்தான். ஜன்னல் மூலையில் மண்கூடு தெரிந்தால் போதும், கை தானாகவே துடைப்பத்தைத் தேடும். ஆனால் மனிதரைக் கொட்டாத, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகளும் உண்டு. அவைதான் நம் கொல்லைக்குக் காவல் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று பாட்டிமார் சொல்வார்கள். உண்மையில் புழு குளவியாவதில்லை. மண்கூட்டுக்குள் புழுவை மயக்கி வைத்துக் குளவி முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து பறக்கிறது. இதே வித்தையை இன்னும் நுட்பமாகச் செய்பவைதான் ஒட்டுண்ணிக் குளவிகள். இவை பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையை வைத்துவிடும்!

பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பஞ்சை ஒட்டியது போல வெள்ளையாக அப்புமே, அந்த மாவுப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்குப் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். நம் நாட்டில் 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. அதன் எதிரிகள் கூடவே வராததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவிவிட்டது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக ஒட்டாது. மல்பெரியில் விஷம் அடித்தாலோ, அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு பிழைக்காது. விவசாயிகள் பாடு திண்டாட்டம்தான்.

2010-ல் அமெரிக்க விவசாயத் துறை உதவியுடன், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை பெங்களூர் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. அவற்றில் 'அசிரோபேகஸ் பப்பாயே' நன்றாக நிலைத்தது. சில மாதங்களிலேயே பல இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் 1980-களில் மரவள்ளியை இப்படி ஒரு குளவிதான் காப்பாற்றியது.

எங்கள் ராஜபாளையத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் பப்பாளியிலும் இந்த வெள்ளை அப்பியது. "கடையில மருந்து வாங்கி அடிச்சிரலாமா?" என்றார். "பொறுங்கக்கா, பேரன் தவழ்ற இடம். பழமும் அவனுக்குத்தானே குடுக்கீங்க?" என்றேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினோம். எறும்புச் சாரியைக் கலைத்தோம். சில வாரங்களில் இலையடியில் பழுப்பு நிறத்தில், ஓட்டை விழுந்த கூடுகள் தெரிந்தன. உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிய வாசல் அது!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தாலே தெரிகிறதே மேற்கு மலைத் தொடர், அதன் பல பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் உண்டு. நம் நாட்டில் காப்பியைப் பெரும்பாலும் மர நிழலில்தான் வளர்க்கிறார்கள். 1990-ல் கூடலூரில் தலைகாட்டிய காய்த்துளைப்பான் வண்டுக்கும் வெளிநாட்டுக் குளவியை வரவழைத்து விட்டார்கள். பலவித மரமும் பூவும் இருந்தால் குளவிகளுக்குத் தேனும் ஒதுங்க இடமும் கிடைக்கும். நம் கொல்லைக்கும் அதே கணக்குதான்.

நாம் செய்யக் கூடியவை:

* எறும்பை அண்டவிடாதீர்கள். இனிப்பு நீருக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காத்து, குளவியை விரட்டும்.
* கொத்துமல்லி, சோம்பு, துளசியில் கொஞ்சத்தைப் பூக்க விடுங்கள். குளவிக்கு அதுவே சாப்பாடு.
* பழுப்புக் கூடு உள்ள இலைகளைக் கிள்ளி எரிக்காதீர்கள்.
* விஷ மருந்து முதலில் கொல்வது குளவியைத்தான். காவல் போன வீட்டில் பூச்சி மறுபடி புகும்.
* மிஞ்சிப் போனால் வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் விஷம் தெளிக்காமலே பழம் பழுக்கும் என்றால், கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அல்லவா?