சங்கு நின்ற தங்கவயல்

கோலார் தங்கவயலில் நான் வளர்ந்த லைன் வீடு இன்னும் இருக்கிறது. ஷிஃப்டுச் சங்கு கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். 2001-இல் சுரங்கத்தை மூடியபின் அந்தச் சத்தம் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து போன எங்கள் தாத்தாக்களின் தலைமுறை தொடங்கி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டினார்கள். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். அப்படித் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது விடிவதற்குள் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள்.

நாங்கள் சறுக்கி விளையாடிய சயனைடு மேடும் நிற்கிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. காற்றடித்தால் தூசி அடுப்படிவரை வருகிறது. பழைய ஊருக்குப் போகிறவர்கள் சுவர்களை மட்டும் தடவிப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. அங்கேயே தங்கிவிட்டவர்களிடம் உட்கார்ந்து பேசவேண்டும். பக்கத்து லைன் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்த மேட்டுல மரம் வைக்கச் சொல்லி எழுதுப்பா.”