முகாம் முகவரிக்கு ஒரு பாஸ்புக்

அந்நிய மண்ணில் அன்றாடம் – 11

மதுரை மாநகராட்சிக்குள் ஆனையூர், திருமங்கலம் அருகே உச்சப்பட்டி, மேலூர்ப் பக்கம் திருவாதவூர் ஆகிய மூன்று ஊர்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 முதல் அலை அலையாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதனால் முகாமிலேயே பிறந்து, மதுரைப் பள்ளியில் படித்து, மதுரைக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கும் இளைஞரும் சட்டப்படி வெளிநாட்டவரே. இப்படிப்பட்டவர் வங்கிக் கணக்கு தொடங்க எது போதுமானதாக இருக்க வேண்டும்? அவர் யார், எங்கே வசிக்கிறார் என்ற இரண்டும் உறுதியானால் போதும். எந்த நாட்டுக் குடிமகன் என்பது தடையாகக் கூடாது.

நம் சட்டங்களே பெரும்பாலும் இந்த வழியில்தான் செல்கின்றன. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் ‘இந்தியாவில் வசிப்பவர்’ யார் என்பதற்கு முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இங்கே தங்கியதைத்தான் முதல் அளவுகோலாக வைக்கிறது. ஆதார் சட்டமும் 182 நாள் வசிப்பையே கேட்கிறது. முகாம் மக்கள் ஆதார் பெற்றதும் அந்த அடிப்படையில்தான். சிக்கல் ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகளில் வருகிறது. அடையாளச் சான்றாக அவை ஏற்கும் ஆவணங்களில் இந்திய பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும் இவர்களுக்குக் கிடைக்காதவை. மாநில அரசு தரும் அகதி அடையாள அட்டைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வெளிநாட்டவரின் ஆவணத்தில் முகவரி இல்லையென்றால், அவரது நாட்டு அரசின் ஆவணத்தையோ தூதரகக் கடிதத்தையோ காட்டலாம் என்கிறது விதி. ஓர் அரசுக்கு அஞ்சி ஓடிவந்தவரை அதே அரசிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வது நியாயமாகாது.

ஆவணமே இல்லாதவருக்குச் ‘சிறு கணக்கு’ இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதில் ஓராண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. நாள் கூலி 800 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஏழாவது மாதத்திலேயே வரவு வரம்பு உடைந்துவிடும். முழுமையான அடையாளச் சான்று தராதவரை அந்தக் கணக்கில் வெளிநாட்டுப் பணமும் வரவாகாது. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பும் தொகை வேறு வழி தேட வேண்டியதாகிறது. ஆதார் இருப்பதால் எல்லாம் தீர்ந்தது என்பதும் பாதி உண்மைதான். குடிமகனிடம் மாற்று ஆவணங்கள் பல உண்டு. முகாம்வாசியின் வங்கி வாழ்வோ பெரும்பாலும் அந்த ஒரே அட்டையை நம்பி நிற்கிறது.

பாதுகாப்பு குறித்த கவலையைத் தட்டிக் கழிக்க முடியாது. ஈழப்போரின் கசப்பான அனுபவங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் முகாம்வாசிகள் அரசின் பதிவேட்டில் குடும்பம் குடும்பமாகப் பதிவானவர்கள். அவர்களது பணம் வங்கி வழியாக வந்தால் அனுப்பியவர், பெற்றவர், தேதி எல்லாம் பதிவாகும். உண்டியல் (ஹவாலா) வழியாக வந்தால் எதுவும் பதிவாகாது. கண்காணிப்பை விரும்புகிறவர்கள்தான் கணக்கை முதலில் ஆதரிக்க வேண்டும். இது குடியுரிமைக்குக் கொல்லைப்புற வாசல் ஆகிவிடாதா என்ற ஐயத்துக்கும் சட்டமே விடை தருகிறது: ஆதார் குடியுரிமைச் சான்றாகாது என்று ஆதார் சட்டம் சொல்கிறது, சுற்றுலா வருபவர்கூட இங்கே குறுகிய காலத்துக்கு, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்கு தொடங்கலாம். குடியுரிமையையே கொடுத்துவிடலாமே என்போரின் வாதம் நியாயமானது. ஆனால் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. குடியுரிமை பற்றிய அந்தப் பெரிய விவாதம் முடியும்வரை கூலியும் படிப்புச் செலவும் காத்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே, புகலிடம் கோருவோர் உட்படச் சட்டப்படி அங்கே வசிப்பவர்களுக்கு அடிப்படைக் கணக்கை உரிமையாக்கியது. நமக்கு அவ்வளவு பெரிய புதுச் சட்டம்கூட வேண்டாம். மத்திய அரசு ரிசர்வ் வங்கியைக் கலந்து புதிய அடையாள ஆவணங்களை அறிவிக்கக் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகளில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. மாநில அரசின் அகதி அட்டையை அப்படி அறிவித்தால் ஆனையூரில் வாழ்பவர் ஆனையூர் முகவரியிலேயே முழுமையான கணக்கு தொடங்க முடியும். நாற்பதாண்டுக்கும் மேலாக இந்த மக்களைப் பதிவுசெய்து, அவர்கள் யார் என்று அறிந்த அரசு, அந்த அறிவை ஒரு வங்கிக் கிளை ஏற்கும் சான்றாக மாற்றித் தர வேண்டும். தமிழக அரசு இந்தக் கோரிக்கையை டெல்லியில் எழுப்ப வேண்டும்.

(கணக்கு கிடைத்த பிறகும் கல்விக் கடன் ஏன் எட்டாமல் போகிறது? அடுத்த வாரம்.)