எங்கே நிற்கும் அந்தத் தோட்டா?

சென்ற பொங்கல் விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகனுடன் மாமல்லபுரம் கடற்கரையில் மாலை நேரத்தில் நடந்துகொண்டிருந்தேன். டெக்சாஸ் மாநிலத்தில் கணினிப் பொறியாளராகப் பணியாற்றுகிறான். அந்நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டான். சற்றுத் தயக்கத்தோடு ஒரு செய்தியைச் சொன்னான். வீட்டுப் பாதுகாப்புக்காக அரைத் தானியங்கிக் கார்பைன் ஒன்றை வாங்கியிருக்கிறானாம்.

"துப்பாக்கியை வாங்கியாயிற்று, மாமா. தோட்டாதான் குழப்பமாக இருக்கிறது. அத்தனை வகைகள். விலை ஏறுவதற்குள் ஆயிரமாவது வாங்கி அடுக்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது?"

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் துப்பாக்கி சுடப் பழகியவன் நான். பின்னர் வருவாய்த் துறையில் பணியாற்றியபோது படைக்கல உரிமக் கோப்புகள் சில ஆண்டுகள் என் மேசைக்கு வந்ததுண்டு. ஆனாலும், "எதை வாங்கிச் சேமிப்பது" என்ற கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். நம் ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஏன் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தபோதுதான், அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெளிந்தது.

தோட்டா என்று நாம் சொல்வது நான்கு உறுப்புகளின் தொகுப்பு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே புகையிலா வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து செல்வது அந்தக் குண்டு மட்டுமே. அவனுடைய கார்பைனுக்கான குண்டு சில கிராம் எடைதான். ஆனால், நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஒலியின் வேகத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தடையேதும் இல்லையென்றால் 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடியது.

வகைகள் அனைத்தும் அந்தக் குண்டின் அமைப்பைப் பொறுத்தவை. ஈயத்தைச் செம்பு உறையால் முழுவதும் மூடியது ஒரு வகை. விலை குறைவு; பயிற்சிக்கு ஏற்றது. பட்ட இடத்தைத் துளைத்து அப்பால் செல்லும். இரண்டாவது வகையில் முனை மென்மையாகவோ குழியாகவோ இருக்கும். உடலில் பட்டதும் விரிந்து வேகம் இழக்கும். மூன்றாவது வகையில் ஈயத்தோடு எஃகுத் துண்டு ஒன்று இருக்கும். இராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட, முனையில் பச்சைச் சாயம் பூசிய இவ்வகையைத் தடை செய்ய அமெரிக்க அரசின் துறை ஒன்று 2015-இல் முனைந்து, எதிர்ப்பு வலுத்ததால் பின்வாங்கியது. நான்காவது, செம்புத் துகள்களை அழுத்திச் செய்த குண்டு. கடினமான பொருளில் மோதினால் பொடியாகிவிடும். இரும்பு இலக்குகளில் சுடும்போது தெறித்துத் திரும்பாமல் இருக்க இதைப் பயன்படுத்துவர்.

இதில் விரியும் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. முழு உறையிட்ட குண்டுகள் எதிரியை ஊடுருவிச் சென்றுவிடுகின்றன, வீழ்த்துவதில்லை என்று ஆங்கிலேயப் படையினர் குறைப்பட்டனர். அதற்கு மாற்றாக 1890-களில் கொல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் மென்முனைக் குண்டுகள் உருவாயின. அந்த ஊரின் பெயரே அவ்வகைக் குண்டுக்கு உலகெங்கும் பெயராயிற்று. 1899-ஆம் ஆண்டு ஹேக் நகர மாநாடு, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என அறிவித்தது. அந்தக் கட்டுப்பாடு போர்க்களத்துக்கு மட்டுமே. காவல் துறைக்கும் தனி மனிதர்களுக்கும் பொருந்தாது. போர்வீரன் மீது பாயக் கூடாதது கடையில் பெட்டி பெட்டியாக விற்கப்படுகிறது. இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: விரியும் குண்டு அப்பால் செல்வது குறைவு, ஆகவே பின்னால் நிற்கும் அப்பாவிக்கு ஆபத்தும் குறைவு.

அந்தப் பின்னால் நிற்பவரைப் பற்றித்தான் என் மருமகனிடம் பேசினேன். அவனுடைய வீட்டின் உட்சுவர்கள் செங்கல் அல்ல. மரச் சட்டத்தின் இரு புறமும் பொருத்திய ஜிப்சம் பலகைகள். கூடத்தில் நின்று சுட்டால், அந்தப் பலகைகளைத் துளைக்காது என்று உறுதியளிக்கத்தக்க தோட்டா நான் சொன்ன நான்கு வகைகளில் ஒன்றும் இல்லை. பொடியாகும் குண்டுகூடப் பலகையைக் கடினப் பொருளாகக் கருதாமல் கடந்துவிடக்கூடும். சுவருக்கு அப்பால் அவனுடைய 6 வயது மகள் உறங்குகிறாள்.

இது கற்பனை அச்சம் அன்று. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில், 2022 ஜனவரியில், அச்சிறுவன் உயிரிழந்தான். பயிற்சி பெற்ற கைகள், வரையறுக்கப்பட்ட தளம், அதிகாரிகளின் மேற்பார்வை எல்லாம் இருந்தும் குண்டு எங்கே நிற்கும் என்பதை எவராலும் உறுதி செய்ய முடியவில்லை.

எங்கள் பகுதியும் இதை அறியாததன்று. செங்கல்பட்டை அடுத்த அனுமந்தபுரத்தில் பாதுகாப்புப் படையினரின் சுடுதளம் உள்ளது. 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே உள்ள மானாம்பதியில், கோயில் அருகே கிடைத்த மர்மப் பொருள் ஒன்றை இளைஞர்கள் திறந்து பார்க்க முயன்றபோது அது வெடித்து இருவர் இறந்தனர். சுடுதளத்திலிருந்து வந்த வெடிக்காத குண்டோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. சுட்டவருக்குப் பயிற்சி அன்றே முடிந்துவிடுகிறது. சுடப்பட்ட பொருளுக்கு அப்படி முடிவதில்லை.

இனி, சேமிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகும், 2020-இல் கொள்ளைநோய்க் காலத்திலும் தோட்டாக்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. அந்த நினைவுதான் பலரையும் அடுக்கி வைக்கத் தூண்டுகிறது. ஒவ்வொருவரும் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி வாங்குவதே தட்டுப்பாட்டை வளர்க்கிறது. நியாய விலைக் கடை வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கினாலும் அது அரிசி மூட்டை போன்றதன்று. வெப்பத்தில் வெடிமருந்து வேதிமாற்றம் அடைகிறது. ஈரத்தில் பித்தளை களிம்பேறுகிறது. குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. அவ்வகைத் துப்பாக்கிக்குப் புறத்தோற்றத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரு தோட்டாக்கள் கிடைக்கின்றன: பொதுமக்களுக்கான 223 ரெமிங்டன், இராணுவ அளவான 5.56 மில்லிமீட்டர். முன்னதற்காகச் செய்த அறையில் பின்னதை இட்டுச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறக்கூடும். பீப்பாயில் பொறித்திருக்கும் அளவைப் பார்க்காமல், மலிவாகக் கிடைக்கிறதென்று ஆயிரம் வாங்குவது அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, இராணுவ வகைத் துப்பாக்கிகளும் அவற்றுக்கான தோட்டாக்களும் சாதாரணக் குடிமகனுக்கு எட்டாதவை. உரிமம் பெறத்தக்க துப்பாக்கிக்கும், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, ஓர் ஆண்டில் எத்தனை தோட்டா என்பது உரிமத்திலேயே எழுதப்படுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மேலே போன குண்டு கீழே வரும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விரும்பிய விவசாயிகளும், வங்கிக் காவலுக்குச் சென்ற முன்னாள் படைவீரர்களும் தந்தவை. ஒவ்வொரு கோப்பிலும் காவல் துறை அறிக்கை, வட்டாட்சியர் அறிக்கை என அடுக்கடுக்காக விசாரணை. காலதாமதமும் அலைக்கழிப்பும் இருந்தன; மறுக்கவில்லை. பன்றி பயிரை அழித்த பிறகு உரிமம் பெற்றவர்களும் உண்டு. ஆனால், அந்த அறிக்கைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவரைச் சுற்றி யார் வாழ்கிறார்கள்? அமெரிக்கக் கடையில் எவரும் கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்தில் நீண்ட மரபு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்கள் திரண்டு சென்று செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பளித்து ஆணை வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். சுடுபவரின் உரிமையைவிட, குண்டு போய்ச் சேரும் இடத்தில் வாழ்பவரின் உரிமை பெரிது என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டிய ஊர் அது.

அமெரிக்காவில் 2020 முதல் குழந்தைகள், பதின்வயதினரின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக, வாகன விபத்துகளையும் முந்தி, துப்பாக்கி நிற்கிறது. அவற்றுள் வீட்டில் பூட்டாமல் வைத்த துப்பாக்கியால் நேர்ந்தவையும் அடங்கும். எனவே மருமகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உன் நாட்டுச் சட்டம் உனக்கு அனுமதிக்கிறது, நான் தடுக்க முடியாது. ஆனால், எந்தத் தோட்டா என்று கேட்பதற்கு முன், அது எங்கே போய் நிற்கும் என்று கேள். அதற்கு விடை தெரியாதவரை ஒரு பெட்டிகூட வாங்காதே. முதலில் பூட்டு வாங்கு. துப்பாக்கிக்கு ஒன்று, தோட்டாவுக்கு வேறொன்று."

அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். இரும்புப் பெட்டி இரண்டு வாங்கிவிட்டதாகவும், பயிற்சி வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னான். எத்தனை தோட்டா வாங்கினான் என்று அவனும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.