மூன்று பெயர் பூண்ட நகரம்

டான்யூப் நதிக்கரையில் ஸ்லோவாக்கியாவின் தலைநகராக விளங்கும் பிராட்டிஸ்லாவாவுக்கு அப்பெயர் நிலைத்தது 1919-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஜெர்மானியர் பிரெஸ்பர்க் என்றும், ஸ்லோவாக்கியர் பிரெஷ்போரோக் என்றும், ஹங்கேரியர் போஜோனி என்றும் அவரவர் பாஷையில் அதை அழைத்து வந்தனர்.

1526-இல் மோஹாச் போர்க்களத்தில் ஹங்கேரியப் படையை நிர்மூலமாக்கிய துருக்கியர் 1541-இல் புடா நகரையும் கைப்பற்றிக்கொள்ளவே, ராஜ்யத்தின் தலைமைப்பீடம் இந்த எல்லையோர ஊருக்கு வந்து சேர்ந்தது. 1563 முதல் 1830 வரை, மரியா தெரஸா உட்பட ஆட்சி புரிந்தோர் 11 பேருக்கும், அரசரின் தேவியர் 8 பேருக்கும் இங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தில்தான் மகுடாபிஷேகம் நடந்தது. அபிஷேகம் முடிந்ததும், ராஜ்யத்தின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்து குவித்த மண்மேட்டின்மீது புதிய அரசர் குதிரையில் ஏறி நின்று, நான்கு திசைகளிலும் வாளை வீசித் தேசத்தைக் காப்பதாகப் பிரதிக்ஞை செய்வார். அத்தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஹங்கேரிய மகுடத்தின் பொன்முலாம் பூசிய பிரதி இன்றும் இருக்கிறது.

ஆனால் அரசர்களின் வைபவங்களைவிட என் மனத்தை ஈர்ப்பது, ஹங்கேரிய பாஷை இந்நகரில் பெற்ற ஏற்றமே. வீதிகளில் பெரும்பாலும் ஜெர்மனும், சட்டசபையில் லத்தீனும் ஒலித்த இவ்வூரில்தான், ஹங்கேரிய மொழியின் முதல் பத்திரிகையை 1780-இல் மாத்யாஷ் ராத் வெளியிட்டார்; இங்கே கூடிய சபையில்தான், 1825-இல், தாய்மொழியை வளர்க்க ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்ற பேச்சு எழுந்தபோது, இஸ்த்வான் ஸேச்சேனி என்னும் இளம் பிரபு தம் ஜமீன்களின் ஓராண்டு வருமானம் முழுவதையும் அதற்கு அர்ப்பணிக்க முன்வர, ஹங்கேரிய விஞ்ஞானக் கழகத்துக்கு வித்து ஊன்றப்பட்டது. 1844-இல் ஹங்கேரியமே அரசாங்க மொழி என்று சட்டமாயிற்று. நிலமானிய முறையை ஒழித்த சட்டங்களுக்கு அரசர் ஐந்தாம் பெர்டினாண்டு 1848 ஏப்ரல் 11-ஆம் நாள் சம்மதமளித்ததும் இந்நகரத்துப் பேராயர் மாளிகையில்தான்.

1910-இல் நூற்றுக்குச் சுமார் 42 பேர் ஜெர்மனும், 40 பேர் ஹங்கேரியமும், 15 பேர் ஸ்லோவாக்கும் பேசினர். முதல் உலகப் போருக்குப் பின் நகரம் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தது. இவ்வூரிலேயே பிறந்த சிற்பி யானோஷ் பத்ரூஸ் வடித்து 1897-இல் நிறுவப்பட்ட மரியா தெரஸாவின் சிலை 1921-இல் உடைக்கப்பட்டது. ஹங்கேரியரும் வரவரச் சிறுபான்மையினராயினர்.

அச்சிலை எழுந்த நாட்களில் இங்கே பள்ளி மாணவனாயிருந்தவன் பேலா பார்த்தோக். பிற்காலத்தில் மகா சங்கீத மேதையான அவர், ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, ஹங்கேரியக் குடியானவர்களின் பாடல்களோடு ஸ்லோவாக்கியப் பாடல்களையும் ஆயிரக்கணக்கில் சேகரித்தார்.