தவழும் பாப்பா உள்ள வீடு

எங்க வீட்டுப் பாப்பாவுக்கு 10 மாதம். அடுக்கி வைத்த பொருள் அரை மணி நேரம்கூட அடுக்கினபடி இருக்காது. பொம்மைகள் கிடந்தால் கிடக்கட்டும், தரைதான் முக்கியம். பெருக்கி முடித்ததும் முட்டி போட்டு, பாப்பா உயரத்தில் நான் பார்ப்பேன். கட்டிலுக்கடியில் ஊக்கு, காசு, வேர்க்கடலை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கடலை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி அதைவிட மோசம். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வீடு துடைத்த தண்ணீரை உடனே கொட்டி வாளியைக் கவிழ்த்துடணும். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் குழந்தையால் எழ முடியாது. பினாயிலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிறீங்களா? பாப்பாவுக்கு அதுவும் ஜூஸ்தானே! எங்க வீட்டில் அது பரண்மேல் இருக்கு. பொம்மைகளை ஞாயிற்றுக்கிழமை அடுக்கிக்கொள்வோம்.