இரண்டே வருஷத்தில் வாத்தியார் வேலை! டெல்டாவை மயக்கிய படிப்பு. பூட்டு தொங்கும் பயிற்சிப் பள்ளிகள்!

தஞ்சாவூர்,

அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு வந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் ஒரே பேச்சுதான். ‘பிள்ளையை டீச்சர் டிரெய்னிங்கில் சேர்த்துடலாம்!’

பிளஸ் 2 முடித்து இரண்டே வருஷம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா, திறக்காதா என்று வானத்தைப் பார்த்து உட்கார வேண்டாம். மாசம் பிறந்தால் சம்பளம். பெண் பிள்ளை என்றால் சம்பந்தம் பேசவும் தோது. தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனது இந்தக் கனவுக்காகத்தான்.

2000-க்குப் பிறகு தமிழ்நாடு முழுக்க தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. சர்டிபிகேட்டை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் மூப்புப்படி முறை வரும் என்பது கணக்கு. பதிந்தவர்கள் பெருகினார்களே தவிர, காலியிடம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பணம் கட்டும் நேரத்தில் இதை யார் வாய் திறந்து சொன்னார்கள்?

விழுந்தது இடி!

2010 ஏப்ரல் 1-ல் கட்டாயக் கல்விச் சட்டம் அமலுக்கு வந்தது. அதைத் தொட்டு வந்தது ஆசிரியர் தகுதித் தேர்வு, ‘டெட்’. தமிழ்நாட்டில் முதல் பரீட்சை 2012 ஜூலையில். 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம், பாஸ் மார்க் 90. லட்சக்கணக்கான பேர் எழுதினார்கள். இரண்டு தாளும் சேர்த்துத் தேறியவர்கள் வெறும் 2,448 பேர்! நேரம் போதவில்லை என்று கூச்சல் கிளம்பவே, அக்டோபரில் 3 மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள்.

அதோடு விட்டதா? 2018-ல் இன்னொரு உத்தரவு. ‘டெட்’ பாஸ் செய்தவரும் வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டுமாம்! சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துவிட்டு ஜவுளிக்கடை கவுண்டருக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். சேர ஆளில்லாமல் பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின.

கொஞ்சம் வெளிச்சம்

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட். போதாது, தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களுக்கே உரிமை! 2024 பிப்ரவரியில் 1,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்கு அறிவிப்பும் வந்தது. ஆனால் பரீட்சை பரீட்சைதான்.

இனி சேருகிறவர்கள், தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பட்டயத்துக்குப் பரீட்சை வைப்பது அரசுத் தேர்வுத்துறை. ‘டீச்சர் டிரெய்னிங்’ என்று போர்டு மாட்டி, நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் சர்டிபிகேட் அரசுப் பள்ளி வேலைக்குச் செல்லாது. பணம் கட்டினால் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.